ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்ட குடிகாரர்கள்

ஜெருஷா பிளம்மின் கணவன் ஹோசியா பிளம் கால்வாயில் விழுந்து செத்தான். விழுந்ததை ஊர் மன்னித்திருக்கும். குடிக்காமல் விழுந்ததைத்தான் மன்னிக்கவில்லை. விடுதி நடத்துகிறவன், காலமெல்லாம் ரம் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்றவன், பட்டப்பகலில் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் இடுப்பளவு தண்ணீரில் மூழ்கிச் செத்தால் அதை என்னவென்று வெளியே சொல்வது? கரையில் கிடத்திய உடம்பைப் பார்த்துக் கொல்லன் ஹோக், "குடிச்சிருந்தா மிதந்திருப்பான்" என்றான். துக்கத்தில் பேசுகிற பேச்சா இது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. மற்றவர்களும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றிலிருந்து, பெல்ட்டன் மதகு என்கிற அந்தக் கால்வாய்க்கரை ஊரின் ஒரே விடுதியை ஜெருஷா தனி ஆளாக நடத்தினாள். அவளுடைய அப்பா ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கம் செய்தவர். மதுக்கடைதான் நரகத்தின் வாசல் என்று மேசையைக் குத்திக் குத்திச் சொன்னவர். மகள் நேராக அந்த வாசலிலேயே போய்க் குடித்தனம் வைத்தாள். அப்பா சொன்ன அளவுக்கு அங்கே சூடு இல்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை. முன்கூடத்து ஜன்னலில் பனிக்காலம் முழுக்கக் காற்று புகுந்து அடிக்கும்.

அந்த முன்கூடம்தான் ஊர். மாடியில் பயணிகள் படுப்பார்கள், பின்கட்டில் சமையல் நடக்கும். முன்கூடத்தில் அடுப்பு, பீப்பாய், நாற்காலிகள், ஆண்கள். பெண்களில் ஜெருஷா ஒருத்திதான் அதற்குள் வரலாம். அவளையும் பெண் என்று யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஊர்க்கூட்டம் அங்கே, ஏலம் அங்கே, செத்தவன் எப்படிச் செத்தான் என்கிற விசாரணை அங்கே, தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டியும் அங்கே. மதுவிலக்குச் சங்கத்தின் முதல் கூட்டமே அங்கேதான் நடந்தது. சபைக் கட்டடத்தில் அடுப்பு கிடையாது, அந்தக் குளிரில் சத்தியம் செய்ய வாய் திறக்காது என்று மூப்பரே சொல்லிவிட்டார். இனி தொடவே மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அந்த நல்ல காரியத்தைக் கொண்டாட ஆளுக்கொரு குவளை குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மூப்பர் என்றால் அசாஹேல் பெக். சபையில் மூப்பர், சங்கத்தில் தலைவர், ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதல் ஆள். குடிகாரர்களைத் திருத்துவதற்காக மாலைதோறும் விடுதிக்கு வருவார். அடுப்புக்கு நேர் எதிரே, முதுகு சாய்கிற நாற்காலி அவருடையது. உட்கார்ந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டே, "ஜெருஷா, என் கஷாயம்" என்பார். பீரும் ரம்மும் கருப்பு வெல்லப்பாகும் முட்டையும் சேர்த்து அடித்து, அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பியை அதற்குள் சொருகி, உஸ்ஸென்று நுரை பொங்கியதும் கொண்டுவந்து வைப்பாள். கடையில் மற்றவர்கள் இதையே ஃபிளிப் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மூப்பர் குடித்தால் கஷாயம். வீட்டுக்குப் போகும்போது வாயில் இரண்டு கிராம்பைப் போட்டுக்கொள்வார். ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார்.

அவருக்கு இடப்பக்கம் கொல்லன் ஹோக் உட்காருவான். அடுப்பின் மேலேயே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபைலோ டீச்சவுட் இருப்பான். ஃபைலோ என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வான். ஆனால் ஜெருஷாவுக்கு விறகு பிளந்து போடுவான், பனியை வாசலிலிருந்து ஒதுக்குவான், ஹோசியா செத்த அன்றைக்குத் தண்ணீரில் இறங்கித் தூக்கினவனும் அவன்தான். அவளை "அத்தை" என்று கூப்பிடுவான். எந்த வழியில் அத்தை என்று கேட்டால், "குடிக்கிற வழியில" என்பான்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்தாறாம் வருடம் மண் விழுந்தது. மதுக்கடைக்கு உரிமம் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு ஊரும் மே மாதத்தில் ஓட்டுப் போட்டுத் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்று மாநிலத் தலைநகர் ஆல்பனியிலிருந்த சட்டசபை சொல்லிவிட்டது. இத்தனை காலம் உரிமம் என்பது ஒரு சடங்கு. இப்போது அது ஊரார் கையில்.

ஜெருஷா யோசித்துப் பார்த்தாள். உரிமம் போனால் விடுதி போகும். விடுதி போனால் ராச்செஸ்டரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். அன்பினால் இல்லை, அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள், வேலைக்காரிக்குச் சம்பளம் கொடுக்க மனசில்லை. அண்ணி சர்க்கரை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்பவள். ஒருமுறை விருந்தாளியாகப் போன ஜெருஷாவுக்குத் தேநீரைக் கொடுத்து, சர்க்கரையைத் தானே நகத்தில் கிள்ளிப் போட்டாள். அந்த வீட்டில் போய், கிள்ளிப் போடுகிற சர்க்கரைக்குக் கையை நீட்டிக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளுவதைவிட ஹோசியாவைப் போலக் கால்வாயில் விழுந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. விழுந்தாலும் தானாவது குடித்துவிட்டு விழ வேண்டும் என்றும் தோன்றியது.

இந்தக் கவலையோடு அவள் இருந்தபோதுதான் ஓரின் பிட்வெல் என்கிற ஓவியர் வந்து சேர்ந்தார். ஏப்ரல் மாதச் சேற்றில் வண்டி அச்சு முறிந்துபோனது. மெலிந்த ஆள், தாடியில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. அச்சைச் சரி செய்யக் கொல்லன் ஹோக் எத்தனை நாள் எடுத்துக்கொள்வான் என்று கேட்டார். "அவன் எழுந்திருக்கிறத பொறுத்து" என்றாள் ஜெருஷா. கால்வாய் இன்னும் திறக்கவில்லை, வயலில் கால் வைக்க முடியாது, ஊர் ஆண்கள் எல்லோரும் முன்கூடத்தில்தான் கிடந்தார்கள். பிட்வெல் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஜெருஷாவிடம் வந்தார்.

"இந்தக் கூடத்த நான் வரையணும்."

"சுவருக்கு வெள்ளை அடிச்சே நாளாச்சு. அத எதுக்கு வரையறீங்க?"

"சுவர இல்லம்மா, ஆளுங்கள. அந்த அடுப்பு மேல கால் போட்டிருக்கிறவரு, தூங்கிக்கிட்டே வாதம் பண்ற கொல்லரு. இப்போ நியூயார்க்ல பெரிய பணக்காரங்க இதத்தான் வாங்கி வரவேற்பறைல மாட்டறாங்க. சாதாரண மக்களோட அன்றாட வாழ்க்கை."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கொல்லன் ஹோக் சத்தமாகச் சிரித்தான். "ஃபைலோ சொரிஞ்சுக்கிறத காசு குடுத்துப் பாப்பாங்களாமா? நாங்க இத்தன வருஷமா ஓசில பாக்குறோம், அதுவே எங்களுக்கு நஷ்டம்."

ஜெருஷா சிரிக்கவில்லை. அவள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. ஓட்டுப் பெட்டி வைக்கப்போவது இதே கூடத்தில். அன்றைக்கு இந்தச் சுவரில் ஒரு படம் தொங்கினால், அதில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் கண்ணியமாக, அழகாக உட்கார்ந்திருந்தால், இப்படிப்பட்ட இடத்தை மூடு என்று எவனுக்கு ஓட்டுப் போட மனசு வரும்?

"வரைஞ்சுக்குங்க" என்றாள். "ஆனா எல்லாரும் ஞாயித்துக்கிழம உடுப்புலதான் உக்காருவாங்க."

பிட்வெல் பதறிவிட்டார். "அய்யோ, அது கூடாதும்மா. நான் வாழ்க்கைய வரையணும்."

"வாழ்க்கைய அப்புறம் வரையலாம். மொதல்ல உரிமம் வரட்டும். இல்ல, சேத்துல நிக்கிற உங்க வண்டில போய் உக்காந்துக்கிட்டு வரைங்க."

அவருக்கு வேறு வழியில்லை. ஜெருஷாவும் ஆண்களைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. படத்தில் வரலாம் என்ற செய்தி போனதும் ஊரே முகம் மழித்துக்கொண்டது. மறுநாள் முன்கூடம் இழவு வீடு மாதிரி இருந்தது. எல்லோரும் கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை, முழங்காலில் கை. யாரும் பேசவில்லை, யாரும் குடிக்கவில்லை. கொல்லன் ஹோக் கழுத்துக்குக் கீழே மூச்சு இறங்காமல் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தான். பிட்வெல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஃபைலோவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக அவனுக்கு எதுவும் இல்லை. ஜெருஷா மேலே போய்ப் பெட்டியைத் திறந்து ஹோசியாவின் கல்யாணக் கோட்டை எடுத்துவந்து கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பியபோது ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. தோள், முதுகு, அந்தக் கழுத்துச் சுருக்கம் எல்லாம் அப்படியே ஹோசியா. உடனே ஃபைலோ விரலால் மூக்கைச் சிந்தினான், அவளுக்கு மூச்சு திரும்பியது.

மூப்பர் இரண்டாம் நாள் வந்தார். பூ வேலை செய்த ஊதா இடுப்புச் சட்டை போட்டிருந்தார். அது அவர் மனைவி லொவீனா மகள் கல்யாணத்துக்காக ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தது.

"மூப்பரே, நீங்களுமா?" என்றாள் ஜெருஷா. "சங்கத்துத் தலைவரு மதுக்கடைப் படத்துல இருக்கலாமா?"

"படத்துல நல்லவன் ஒருத்தனாவது வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மை என்னவென்றால் அந்த ஊரில் யாருக்கும் தன் முகத்தைத் துணியில் தீட்டி வைக்க வசதி கிடையாது. ஓசியில் நிரந்தரமாக நிற்கக் கிடைத்த வாய்ப்பை மூப்பரால் விட முடியவில்லை.

உடுப்பை மாட்டிவிட்டால் போதுமா? உள்ளே இருக்கிற உடம்பு எத்தனை நேரம் பொறுக்கும்? முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே முதுகுகள் வளையத் தொடங்கியிருந்தன. மூன்றாம் நாள் ஃபைலோவின் கால் தானாக அடுப்பின் மேல் ஏறியது. கொல்லன் ஹோக் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, வாயைத் திறந்தபடி வாதம் செய்துகொண்டே தூங்கினான். "தொண்ட காயுது ஜெருஷா" என்றார் மூப்பர், கஷாயம் வந்தது, கை அதைப் பிடித்தது. பிட்வெல் அதைக் கவனித்துவிட்டு வாயே திறக்காமல் தூரிகையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு பிரகாசம். கோட்டையும் பட்டையையும் அவர்கள் போட்டுவந்தபடியே தீட்டினார், அதற்குள் இருந்த உடம்புகளையும் உள்ளபடியே தீட்டினார். ஜெருஷா பீப்பாய்ப் பக்கம் பாதி முதுகைக் காட்டி நின்றாள். ஏப்ரன் அழுக்கு என்று அவள் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

படம் முடிந்தது. வண்ணம் காய வாரக்கணக்கில் ஆகும், இலையுதிர் காலத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பிட்வெல் மேற்கே போய்விட்டார். ஓட்டு நாளன்று ஜெருஷா அதை அடுப்புக்கு மேலே மாட்டினாள். கீழே ஓட்டுப் பெட்டி.

ஆண்கள் வந்தார்கள். படத்தில் எப்படி இருக்கிறோமோ அப்படியே இருக்க வேண்டும் என்று எல்லோரும் அதே கோட்டில் வந்தார்கள். வந்தவன் ஒவ்வொருவனும் படத்துக்கு முன்னால் நின்றான், தன்னைத் தேடினான், கண்டுபிடித்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான். பொத்தான் எத்தனை பளபளப்பு, இடுப்புச் சட்டையில் பூ எத்தனை துல்லியம். "நான் இவ்வளவு பெரிய மனுஷனா?" என்றான் கொல்லன் ஹோக், விளையாட்டாக இல்லை. மூப்பர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "தெய்வாதீனமா நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு பெட்டிப் பக்கம் போய்த் துண்டுச் சீட்டைப் போட்டார்கள். ஜெருஷா பின்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரும் அவள் கையால் இத்தனை வருடம் சாப்பிட்டவர்கள். அவளுக்குத் தைரியம் வந்தது.

சாயங்காலம் சீட்டுகளை எண்ணினார்கள். உரிமம் வேண்டாம் என்று ஊர் சொல்லிவிட்டது. கொஞ்சநஞ்சமாக இல்லை, ஊரில் குடிக்காதவர்கள் மொத்தம் எத்தனையோ அதைப்போல மூன்று மடங்கு.

கூட்டம் கலையும்போது ஒவ்வொருவனாக அவள் பக்கம் வந்து காதோடு காதாக, "நான் ஒனக்குத்தான் போட்டேன் ஜெருஷா" என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லோரும் சொன்னார்கள். மூப்பர்கூடச் சொன்னார். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். கடைசியில் ஃபைலோ மட்டும் போகாமல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றான்.

"நீயும் எனக்குத்தான் போட்டியா?" என்றாள்.

ஃபைலோ தரையைப் பார்த்தான். "இல்ல அத்தை."

அவள் எதிர்பார்க்கவில்லை. "என்னடா சொல்ற?"

"உனக்குப் போடத்தான் வந்தேன். கர்த்தர் சத்தியமா. இந்தப் படத்த பாத்தேன். கோட்டும் அதுவுமா எவ்வளவு மரியாதையா உக்காந்திருக்கேன். இப்படிப்பட்ட ஆளு சாராயத்துக்கு ஓட்டுப் போடுவானான்னு தோணிடுச்சு. கை வரல. எல்லாருக்கும் அப்படித்தான் தோணியிருக்கும், அவனுங்க சொல்ல மாட்டானுங்க."

ஜெருஷா படத்தைப் பார்த்தாள். கண்ணியமானவர்களாக அவர்களைக் காட்டப் போய், கண்ணியமானவர்களாகவே ஆக்கிவிட்டிருந்தாள். அதுவும் ஹோசியாவின் கல்யாணக் கோட்டே அவளுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் வந்தது.

"கோட்ட கழட்டு."

கழட்டினான்.

"நாளைக்கு விறகு பொளக்க வராத. எரிக்கிறதுக்கு இனிமே இங்க ஆளு இருக்காது."

மறுநாள் சாயங்காலம் ஆண்கள் வழக்கம்போல வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். இதுதான் எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்: ஓட்டு வேறு, தொண்டை வேறு என்று அவர்கள் உண்மையாகவே நினைத்திருந்தார்கள். ஜெருஷா எல்லோருக்கும் சூடான காப்பி கொண்டுவந்து வைத்தாள். கொல்லன் ஹோக் முகர்ந்து பார்த்தான்.

"இது என்ன?"

"சட்டம்" என்றாள். "நீங்கதான எழுதினீங்க?"

"அந்த மூலைல கொஞ்சம் வச்சிருப்பியே..."

"பீப்பாய காலைலயே வண்டில ஏத்தி வித்தாச்சு. குடிங்க, ஆறிடும்."

இரண்டு நாள் அப்படியே வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மாடியில் தங்குகிற பயணிகளை மட்டும் வைத்து விடுதி ஓடாது. போகிற படகுக்காரனிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்: அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வருகிறேன். சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

லொவீனா பெக் வந்தது அதற்கு மறுநாள். மூப்பரின் மனைவி, சின்ன உருவம், சபையில் முன்வரிசை, சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்போ இது மதுக்கடை இல்லதானே?"

"இல்ல, உங்க வீட்டுக்காரரு புண்ணியத்துல."

"அப்போ பொம்பளைங்க வரலாமா?"

ஜெருஷா யோசித்தாள். வரக்கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "வாங்க" என்றாள்.

"அந்தப் படம், அந்தப் படம்னு சாப்பிடும்போதும் அதே பேச்சு. அவரு போட்டிருக்கிற இடுப்புச் சட்ட நான் தச்சது. நானே பாக்கலன்னா எப்படி?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். ஆண்கள் எல்லோரும் கோட்டைத்தான் பார்த்தார்கள் என்றேன் அல்லவா? லொவீனா கோட்டைப் பார்க்கவில்லை. தான் தைத்த பூக்களைக்கூட ஒரு பார்வைதான் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கையப் பாருங்க" என்றாள்.

ஜெருஷா பார்த்தாள். மூப்பரின் கை குவளையைச் சுற்றி வளைந்திருந்தது. ஐந்து விரலும் அதன்மேல் அத்தனை பரிச்சயத்தோடு, அத்தனை மெதுவாகப் படிந்திருந்தன. சும்மா தொட்டுப் பார்க்கிறவன் அப்படிப் பிடிக்க மாட்டான். வருடக்கணக்கில் பிடித்தவன்தான் பிடிப்பான்.

"என் கைய ஒரு நாளும் அவரு அப்படிப் பிடிச்சதில்ல" என்றாள் லொவீனா.

 அந்தக் குவளையை நிரப்பிக் கொடுத்தவள் ஜெருஷாதானே. "உக்காருங்க" என்றாள்.

"இதுல எது அவரு நாற்காலி?"

காட்டினாள். லொவீனா அதில் உட்கார்ந்தாள், பின்னால் சாய்ந்து பார்த்தாள், காலை அடுப்பை நோக்கி நீட்டினாள். "சொகமாத்தான் இருக்கு" என்றாள். "இங்க என்ன குடிப்பாங்க?"

"அது இப்போ இல்ல. இருங்க." ஜெருஷா பாலைக் காய்ச்சினாள். வெல்லப்பாகும் முட்டையும் ஜாதிக்காயும் சேர்த்து அடித்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே விட்டாள். உஸ்ஸென்று பொங்கியது. லொவீனா பயந்து பின்னால் சாய்ந்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு குவளை குடித்தாள். போகும்போது கூடையிலிருந்து ஒரு வெண்ணெய்க் கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். வெண்ணெயும் முட்டையும் விற்ற காசு அந்த ஊரில் பெண்களுடையது. புருஷன் அதில் கை வைக்க மாட்டான்.

மறுநாள் அவள் தனியாக வரவில்லை. கொல்லன் ஹோக்கின் மனைவி வந்தாள், அவளுடைய தங்கை வந்தாள், மாவு மில்காரர் வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒருவரோடொருவர் பேசாமல் சேர்ந்தே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"பாருடி, வாயத் தொறந்துக்கிட்டே தூங்கறத" என்றாள் கொல்லன் மனைவி. "வீட்டுல மட்டுந்தான் அப்படின்னு நெனச்சு வெளில யார்கிட்டயும் சொல்லாம மானத்த காப்பாத்திக்கிட்டிருந்தேன்."

"மூணாவது பிள்ள பொறந்தப்போ டாக்டரத் தேடிப் போறேன்னு கெளம்பி விடிஞ்சுதான் வந்தாரு" என்றாள் மில்கார மருமகள். "படத்துல அவரு உக்காந்திருக்கிற மூலைல ஒரு டாக்டரும் காணோமே."

அவளோடு பேசாத மாமியார் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அவங்கப்பனும் அப்படித்தான். நானும் நம்புனேன்." அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

முட்டையும் வெண்ணெயும் தேனும் பன்றிக்கொழுப்பும் வந்து குவிந்தன. படகில் போகிற பெண்கள்கூட இறங்கி வந்து குடித்துவிட்டுப் போனார்கள். ஜெருஷா குவிந்ததையும் பார்த்தாள், வந்தவர்களையும் பார்த்தாள், ஆனால் நம்பவில்லை. நாலு நாள் வேடிக்கை, பிறகு அடங்கிவிடும் என்று நினைத்தாள். ஆண்களை நம்பிப் பட்டது போதாதா? பெட்டியைக் கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அவள் கிளம்ப வேண்டிய நாளில் காலையிலிருந்தே குளிர்ந்த மழை. முன்கூடம் நிறையப் பெண்கள். அவள் போகிறாள் என்று தெரிந்தும் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் கால்வாயில் படகுக்கொம்பு ஊதியது. படகுக்காரன் நனைந்துகொண்டு வாசலுக்கு வந்தான். "அம்மா, பெட்டிய ஏத்தட்டுமா?"

ஜெருஷா ஏப்ரனை அவிழ்க்கக் கையை முதுகுக்குக் கொண்டுபோனாள். அந்த நேரம் படகுக்காரனை ஒதுக்கிக்கொண்டு மூப்பர் அசாஹேல் பெக் வந்து நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவருக்குப் பின்னால் மழையில் ஹோக்கும் ஃபைலோவும் இன்னும் சிலரும் நின்றார்கள், முன்னால் வர யாருக்கும் துணிச்சல் இல்லை. மூப்பர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருடைய நாற்காலியில் அவருடைய மனைவி, காலை நீட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லொவீனா" என்றார், சபையில் பேசுகிற குரலில். "வீட்டுல அடுப்பு அணைஞ்சு கெடக்கு."

 லொவீனா எழுந்திருக்கவில்லை. கோபப்படவும் இல்லை, அவளுக்கு வழக்கமான சின்னக் குரலிலேயே பேசினாள்.

"தெரியுங்க. நீங்க ஜெபக்கூட்டத்துக்குப் போன நாளெல்லாம் நான் அந்த அணைஞ்ச அடுப்புக்கு முன்னாடிதான் உக்காந்திருந்தேன். வெறகு வீணாகக்கூடாதுன்னு ஒரு ஆளுக்காக நான் மூட்டறதில்ல. நீங்களும் கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க. பழகிடும்."

யாரும் சிரிக்கவில்லை. கொல்லன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மில்கார மாமியார் மூக்கைத் துடைத்தாள். மூப்பருக்கு முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது.  அவர் ஜெருஷா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஜெருஷா, உள்ள ஒரு ஓரமாவாவது எனக்கு இடம் இருக்குமா?"

ஜெருஷா கூடத்தைப் பார்த்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை இவர்கள். இத்தனை வருடமும் இந்த ஊரில் உட்கார இடமில்லாமல் இருந்தவர்கள். அவள் ஏப்ரன் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"உங்களுக்கு இடம் படத்துல இருக்கு, மூப்பரே" என்றாள். பிறகு அவருக்குப் பின்னால் நனைந்துகொண்டிருந்த படகுக்காரனைப் பார்த்து, "நீ கெளம்புப்பா, பெட்டி வரல" என்றாள்.